கொசுறு மெஷின்

பதினோரு வரி வரவேண்டிய பட்டியலில் பன்னிரண்டு வரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. உண்ட மயக்கம் கண்ணை இழுத்துக்கொண்டிருந்தது. திரைச்சீலை வழியே மஞ்சளாக வெயில், பின்பக்கம் துணி துவைக்கும் மெஷினின் கடகடப்பு, மேலே சுற்றுக்கு ஒரு தடவை சொடுக்குப் போடும் மின்விசிறி, பக்கத்து அறையிலிருந்து காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாசனை. இப்படியொரு நேரத்தில் யாருக்கும் எண்ணிக்கை தவறும் என்றுதான் முதலில் நினைத்தாள். விரலைத் திரைமேல் வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணினாள். பன்னிரண்டு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை எண்ணினாள். அதே பன்னிரண்டுதான்.

அவளுடைய வேலையே இந்தப் பட்டியல்தான். ஊரின் இன்னொரு முனையில், குளிரூட்டிய அறையில், அலமாரி உயரத்துக்கு ஒரு சர்வர் நிற்கிறது. பெட்டி ஒன்றுதான். ஆனால் அதற்குள் பதினோரு மெஷின்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன்னைத் தனிப் பெட்டி என்றே நம்பிக்கொண்டிருக்கும். அவற்றின் டிஸ்க்கோ நெட்வொர்க் கார்டோ கையால் தொட்டுப் பார்க்கிற பொருள் இல்லை. பெரிய இடத்தைக் கூறு போட்டு, இது உனக்கு, அது அவனுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுப்பவள் அவள். மவுஸ் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்தே எல்லாம். ஏழு வருஷமாக அடிக்கிறாள். எந்த டிஸ்க் எந்த மெஷினுக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

பதினோராவது மட்டும் ஆபீசுக்குத் தெரியாத சமாச்சாரம். கூறு போடும்போது ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த மிச்சத்தையெல்லாம் சேர்த்துத் தனக்கென்று ஒரு சின்ன மெஷின் செய்து, கொசுறு என்று பெயரும் வைத்திருந்தாள். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படம், வீடியோ எல்லாம் அதில்தான் இருந்தன. இந்தத் தொழிலில் பாதிப் பேர் இதைச் செய்வார்கள்; மீதிப் பேர் செய்யவில்லை என்று சத்தியம் செய்வார்கள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் நெட்வொர்க் பார்க்கிறவன். ஆபீசில் அவனுக்குக் கேபிள் என்று பெயர். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு நடத்துறீங்களேக்கா" என்று பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான்.

நாளைக் காலை மேலாளர் எல்லா டிஸ்க்கையும் சோதனை போடுகிறார். அதற்குள் கொசுறை யாரும் சீண்டாத ஒரு பழைய சர்வருக்குக் கடத்திவிட வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஒரு டிஸ்க்கை ஒரு மெஷின் திறந்துவிட்டால் அதற்குப் பூட்டு விழும். வேறு மெஷின் அதில் எழுத முடியாது. இடம் மாற்ற அந்தப் பூட்டை எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு முன் ஓடுகிற மெஷினை அணைத்தாக வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்கிற பாடம் அது. ரெண்டு பேர் ஒரே டிஸ்க்கில் எழுதினால் ரெண்டு பேருடையதும் நாசம் என்று சொல்லி, பயந்த முகங்களைப் பார்த்துச் சிரிப்பாள்.

இன்றைக்கு அவள் அணைக்கவில்லை. மகளுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். ஆறு வயது வாண்டு, படுக்கையில் சுருண்டுகொண்டு, தான் பாப்பாவாக இருந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவை வருவதே கொசுறிலிருந்துதான். அணைத்தால் வீடியோ நிற்கும், வாண்டு அழும், எழுந்து போய்ச் சமாதானம் செய்ய வேண்டும். ‘யாரு வந்து எழுதப் போறா’ என்று முணுமுணுத்தபடி, ஓடுகிற மெஷினின் டிஸ்க்கிலிருந்து பூட்டை எடுத்தாள். பிறகு பட்டியலைக் கேட்டாள்.

பன்னிரண்டாவது வரியில் மெஷினின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்கு எதிரே கொசுறின் டிஸ்க். திறந்திருப்பதாகவும் எழுதப்படுவதாகவும் காட்டியது.

கேபிளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாமி கூட ஃபோன் எடுக்காதுக்கா."

"டேய், பன்னெண்டாவதா ஒரு மெஷின் நிக்குது. நீ ஏதாவது பண்ணியா?"

"நானா? டிஸ்க்கு பக்கம் நான் தலை வச்சே படுக்க மாட்டேன். நீங்களே எப்பவோ போட்டுட்டு மறந்திருப்பீங்க."

"நான் மறப்பேனா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. "சரி, அதோட நெட்வொர்க் கார்டு எந்த லைன்ல இருக்குன்னு பாருங்க."

பார்த்தாள். கார்டு இருந்தது. எந்த லைனிலும் அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

"என் பக்கம் அப்படி ஒரு கார்டே இல்லக்கா" என்றான் கேபிள், தட்டச்சுச் சத்தத்தோடு. "எந்த ஸ்விட்ச்லயும் தெரியல. லைன் இல்லாத கார்டு என்ன பண்ணும்? சும்மா கெடக்கும். ராத்திரி பாத்துக்கலாம்க்கா, பயப்படாதீங்க."

அவன் வைத்துவிட்டான். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்டு வழியாக எவ்வளவு போனது, வந்தது என்று காட்டும் கமாண்டை அடித்தாள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி அடித்தாள். அதே எண். சும்மாதான் கிடக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தாள். பக்கத்து அறையில் வாண்டு எதற்கோ கிளுகிளுவென்று சிரித்தது. கை பழக்கத்தில் இன்னொரு முறை என்டரைத் தட்டியது.

நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.

சிரிப்பு நின்றது. அடித்தாள். எண் அசையவில்லை. துணி மெஷின் சுழன்று சுழன்று ஓய்ந்து, தண்ணீர் வடியும் சத்தம் மட்டும் குழாய்க்குள் இறங்கிக்கொண்டே போனது. அப்புறம் அதுவும் இல்லை. வீட்டில் மின்விசிறியின் சொடுக்கு மட்டும் மிச்சம். "அம்மா" என்றது வாண்டு உள்ளிருந்து. "இரு கண்ணு, ரெண்டு நிமிஷம்" என்றபடி என்டரைத் தட்டினாள். எண் எகிறியிருந்தது. இம்முறை இரண்டு பக்கமும் எகிறியிருந்தது. போனதும் வந்ததும். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள்.

கொசுறுக்குள் நுழைந்து கோப்புகளைத் தேதிவாரியாகக் கேட்டாள். மிகப் பழைய படம், ஆறு வருஷத்துக்கு முந்தையது, கடைசியாகத் திருத்தப்பட்டது இன்று மதியம் இரண்டு முப்பத்தொன்றுக்கு என்று காட்டியது. அடுத்ததும் இரண்டு முப்பத்தொன்று. அதற்கடுத்தது இரண்டு முப்பத்திரண்டு. யாரோ பழசிலிருந்து புதுசுக்கு, வரிசை தப்பாமல், ஒவ்வொரு படமாகத் தொட்டுக்கொண்டு வருகிறார்கள்.

முதல் படத்தைத் திறந்தாள். அது அவளுக்கு மனப்பாடமான படம். ஆஸ்பத்திரிக் கட்டில், கசங்கிய போர்வை, தலையெல்லாம் கலைந்து, அழுது வீங்கிய கண்ணோடு அவள். மார்பில் ஒரு சின்ன மூட்டையாகக் குழந்தை. கட்டில் அதேதான். போர்வையின் கசங்கல் கூட அதேதான். ஆனால் குழந்தையை வைத்திருந்தவளின் தலை படிய வாரியிருந்தது. முகம் குழந்தையின் மேல் கவிழ்ந்திருந்ததால் தெரியவில்லை. அணைத்திருந்த கை குழந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, முதுகுப் பக்கம் போய், மறுபடி முன்னால் வந்து, அந்தப் பெண்ணின் கன்னத்துக்குக் கீழே முடிந்தது.

நாற்காலியை உதைத்துப் பின்னால் தள்ளினாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், புண்ணைச் சொறியும் கை மாதிரி, அடுத்த படத்தைத் திறந்தாள். அதற்கடுத்ததையும் திறந்தாள். தவழுகிற படம், பல் முளைத்த படம். எதிலும் அவள் இல்லை. எல்லாவற்றிலும் அந்த வாரிய தலை. பிறகு கடல். இடுப்பளவு தண்ணீரில் முதுகு காட்டி நிற்கும் பெண், அவள் தோளில் ஒரு வயதுக் குழந்தை கையைத் தூக்கிக்கொண்டு.

அவர்கள் கடலுக்குப் போனதே இல்லை. அந்த வருஷம்தான் புது சர்வர் வந்தது. மூன்று மாதம் ஞாயிறு என்ன திங்கள் என்ன என்று தெரியாமல் உழைத்தாள். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்வதையும் விட்டுவிட்டாள்.

வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நாம கடலுக்குப் போயிருக்கமா?"

"என்ன திடீர்னு? வாண்டுக்கு ஜுரம் எப்படி இருக்கு?"

"சொல்லுங்க. போயிருக்கமா?"

"போனோமே. அவளுக்கு அப்ப ஒரு வயசு. நீ பாட்டுக்குத் தோள்ல தூக்கி வச்சிட்டு இடுப்பளவு தண்ணியில எறங்கிட்ட. நான் கரையிலேருந்து தொண்டை கிழியக் கத்துறேன், காதுலயே வாங்கல நீ." அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்புக் குறைந்தது. "ஆமா, கேக்கணும்னு நெனச்சிருக்கேன். அன்னிக்கு முழுக்க நீ ஒரு தடவ கூடத் திரும்பிப் பாக்கலையே, ஏன்?"

அவள் ஃபோனை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அறை அரையிருட்டாக இருந்தது. டேப்லெட் படுக்கையில் கவிழ்ந்து கிடந்தது. வீடியோ எப்போதோ நின்றிருக்க வேண்டும். வாண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, சூடான நெற்றியைத் தொட்டு, உச்சி மோந்தாள். மருந்து வாசனையோ எண்ணெய் வாசனையோ இல்லை. உப்பு வாசனை. விரலில் முடி பிசுபிசுத்தது.

"என்னடா கண்ணு பண்ற?"

"பேசிட்டிருந்தேன்."

"யார்கிட்ட?"

"உங்கிட்டதான்" என்றது வாண்டு, இது கூடவா தெரியாது என்கிற மாதிரி. பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. நிறைய நேரம் பார்த்தது. "நீ ஏன் இப்படி இருக்க?"

"எப்படி?"

அவள் மகளின் முகவாயை ஏந்தினாள். கட்டைவிரல் தானாகவே அந்த இடத்தைத் தேடியது. இரண்டு வயதில் ஒரு நாள் சர்வர் படுத்துவிட்டது. இவள் ஃபோனில் கத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நாற்காலி மேல் ஏறிய குழந்தை தலைகுப்புற விழுந்தது. முகவாய்க்குக் கீழே மூன்று தையல். அந்தத் தழும்பை ஆயிரம் தடவை தடவியிருப்பாள், ஆயிரம் தடவையும் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். இப்போது அங்கே தழும்பு இல்லை. தோல் வழவழவென்று இருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த இன்னொருத்தி விழ விட்டிருக்கமாட்டாள். ஃபோனில் கத்தியிருக்கமாட்டாள். ‘ரெண்டு நிமிஷம்’ என்று சொல்லியே இருக்கமாட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. நல்லவளாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பெற்றவள் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

"அம்மா இப்ப வந்துடறேன். எழுந்திருக்காத."

மேசைக்கு வந்து பட்டியலைப் பார்த்தாள். இரண்டு வயது முடிந்து மூன்றாவது வயதுப் படங்கள் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தன. முன்னைவிட வேகம். நிமிஷத்துக்கு ஒன்றிரண்டாக இருந்தது இப்போது பத்து, பன்னிரண்டு. பன்னிரண்டாவது வரியை நீக்கச் சொல்லிக் கமாண்ட் அடித்தாள். உபயோகத்தில் இருக்கிறது, முடியாது என்றது சர்வர். மறுபடி அடித்தாள். முடியாது. பூட்டைத் திரும்பப் போட முயன்றாள். இருவர் திறந்திருக்கும் டிஸ்க்குக்குப் பூட்டுப் போட முடியாது என்றது. கேபிளை மறுபடி கூப்பிட்டாள்.

"அது எழுதுதுடா. என் டிஸ்க்ல எழுதிட்டே இருக்கு."

"பூட்டு போடலியா நீங்க?"

"எடுத்துட்டேன். கொசுறை அணைக்காமலே எடுத்துட்டேன்."

"நீங்களாக்கா?" என்றான் கேபிள். "ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. சரி, விடுங்க. இப்ப எதையும் பிடுங்கிடாதீங்க. கொசுறு பக்கமும் அந்த டிஸ்க் தொறந்திருக்கு, அந்தப் பக்கமும் தொறந்திருக்கு. எழுதறப்ப வெட்டினா ரெண்டுக்கும் உதவாது."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"ஒருத்தர் விட்டாதான்க்கா. அது விடாது போலருக்கு. நீங்க கொசுறை அணைச்சிடுங்க. அது எழுதி முடிக்கட்டும். டிஸ்க்காவது முழுசா இருக்கும்."

"முழுசா இருக்கும். என்னுதா இருக்காது."

"ஃபோட்டோதானக்கா..."

"ஃபோட்டோ இல்லடா அது!"

அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

நாலு வயது.

கொசுறை அணைக்கும் கமாண்டை அடித்து வைத்தாள். என்டர் மட்டும் பாக்கி. விரல் அதன்மேல் நின்றது. உள்ளே வாண்டு பேசும் குரல் கேட்டது, குசுகுசுவென்று, நடுநடுவே பதிலுக்கு நிறுத்தி நிறுத்தி. என்ன பேசுகிறது என்று கேட்கவில்லை. சந்தோஷமாகப் பேசுகிறது என்பது மட்டும் தெரிந்தது. காய்ச்சலில் இரண்டு நாளாக முனகிக்கொண்டிருந்த குழந்தை. இவளிடம் அப்படிப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. ஞாபகத்தில் தேடத் தேட அந்த இடமெல்லாம் கடல் அடித்துக்கொண்டிருந்தது, தோளில் ஒரு கனத்தோடு யாரோ முதுகு காட்டி நின்றார்கள்.

ஐந்து வயது.

இன்னும் ஒரு வருஷம்தான். அந்த ஒரு வருஷமும் போனால், மகள் எழுந்து வந்து, இந்த மேசை முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பாள்.

"விடமாட்டேன்" என்றாள், வாய்விட்டு.

அடித்து வைத்திருந்ததை அழித்தாள். வேறு கமாண்ட். பன்னிரண்டாவது வரியைக் கட்டாயமாக நீக்கு என்பது. ஏழு வருஷத்தில் ஒரு தடவை கூட அவள் கை தொடாத கமாண்ட். எழுதி முடிக்காத கோப்புகள் சிதையலாம், தொடரவா என்று கேட்டது சர்வர்.

உள்ளே வாண்டு சிரித்தது.

ஆம்.

என்டர்.

திரை நின்றது. கர்சர் துடிக்கவில்லை. ஒரு நொடி. ஐந்து நொடி. மின்விசிறியின் சொடுக்கு கூடக் கேட்கவில்லை. பிறகு கர்சர் துடித்தது. நீக்கப்பட்டது.

பட்டியலைக் கேட்டாள். பதினோரு வரி. விரல் வைத்து எண்ணினாள். பதினொன்று. அந்தக் கார்டைக் கேட்டாள். அப்படி ஒன்று இல்லை. "அப்பாடா" என்று அடிவயிற்றிலிருந்து மூச்சு வந்தது. ஒரு படத்தைத் திறந்தாள். போன வருஷத்துப் பள்ளிக்கூட விழா. மேல்பாதியில் வாண்டின் நெற்றி, கண், மூக்கு. மூக்குக்குக் கீழே படம் அறுந்து, வெறும் சாம்பல் நிறம். அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். சிலவற்றில் பாதி. சிலவற்றில் பாதிக்கும் குறைவு.

போகட்டும். படம்தானே. படம் போனால் போகட்டும். இனி புதிதாக எடுத்துக்கொள்ளலாம், கடலுக்கே போகலாம், அடுத்த வாரமே.

உள்ளே வாண்டின் பேச்சு நின்றிருந்தது.

எழுந்து போனாள். வாண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்தது. முகம் மலர்ந்தது. யார் என்று தெரிந்த மலர்ச்சி. அவள் கண் நிறைந்து, ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா" என்றது வாண்டு. "எனக்குத் தண்ணி..."

அங்கேயே நின்றது. வாய் மூடவில்லை. அடுத்த சொல்லுக்குக் குவிந்த உதடு குவிந்தபடியே இருந்தது. கண் இமைக்கவில்லை.

"தண்ணியா? தரேன் கண்ணு. சொல்லு. என்ன?"

"...வேணும்."

சொன்னது ஹாலிலிருந்து. அவள் இப்போது எழுந்து வந்த மேசைக்குப் பக்கத்திலிருந்து. காய்ச்சலில் கம்மிய அதே குரல். அது முடிந்ததும் இங்கே உதடு மெல்ல மூடிக்கொண்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. குழந்தையை இரண்டு கையாலும் வாரி மார்போடு அணைத்தாள். உடம்பு கொதித்தது. பிசுபிசுத்த முடி கன்னத்தில் ஒட்டியது. நெஞ்சோடு நெஞ்சாக வாண்டு மூச்சை உள்ளே இழுப்பது தெரிந்தது. இழுத்து, இழுத்து, நிறைந்து, நின்றது.

வெளியே விடும் சத்தம் ஹாலில் கேட்டது.